மூணு மாசம் ட்ரெய்னிங், சம்பளம் கிடையாது!

முதல்லயே ஒரு வாக்குமூலம். இந்தப் பதிவுல நான் திட்டப் போற ஆளுங்க பட்டியல்ல முதல் பேரு என்னோடதுதான். அதனால "இவரு மட்டும் பெரிய யோக்கியரா?" என்று யாரும் பின்னூட்டத்தில் கும்ம வேண்டாம். அந்த வேலையை நானே பார்த்துக்கறேன்.

நான் சிறுசேரியில் பொட்டி தட்டுகிற ஆசாமி. தங்கமணி செங்கல்பட்டில் எங்க வீட்டு முன்னறையை ஆபீஸாக்கி இன்டீரியர் டிசைன் தொழில் பண்றாங்க. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட், ஃபால்ஸ் சீலிங், இந்த மாதிரி. ரெண்டு வருஷமா ஒத்தை ஆள் ராஜ்ஜியம். படம் போடுறது, கொட்டேஷன், பிளைவுட் கடை, சைட், பாக்கிப் பணத்துக்கு போன் போடுறது எல்லாம் அவங்களேதான். கார்பென்டரும் பெயின்டரும் சதுர அடிக் கணக்கில் கான்ட்ராக்ட். மாசச் சம்பளத்துக்கு என்று ஒருத்தரும் கிடையாது.

மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் அபார்ட்மென்ட் வேலைகளாக வந்துகொண்டிருந்த வரைக்கும் வண்டி ஓடிச்சு. அப்புறம் மாமல்லபுரம் பக்கம் கடலோரமா ரெண்டு வீடு ஒரே சமயத்தில் வந்தது. திருக்கழுக்குன்றம் வழியா போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. சைட்டுக்குப் போனா டிசைன் நிக்குது, டிசைனுக்கு உக்காந்தா சைட்ல தப்பு நடக்குது. சரி, ஒரு ஆள் போட்டே ஆகணும்னு முடிவாச்சு.

"ஏங்க, விளம்பரம் நீங்களே எழுதிக் கொடுங்க. நீங்கதான் எழுத்தாளராச்சே" என்றார் தங்கமணி. (நக்கல் புரிஞ்சுது. இருந்தாலும் உச்சி குளிர்ந்துருச்சு :-))

நமக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை காப்பி பேஸ்ட். இதே மாதிரி பத்து விளம்பரத்தைத் தேடி எடுத்து, ஒட்டி, வெட்டி, இப்படி ஒண்ணு தயார் பண்ணினேன்:

"இன்டீரியர் டிசைனர் கம் சைட் சூப்பர்வைசர் தேவை. ஃப்ரெஷர்ஸ் வரவேற்கப்படுகிறார்கள். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் கட்டாயம். சொந்த லேப்டாப், டூவீலர், லைசென்ஸ் அவசியம். ஞாயிறு வேலை இருக்கலாம். முதல் மூன்று மாதம் பயிற்சி (ஊதியம் இல்லை). இரண்டு வருட பாண்ட்."

எழுதி முடிச்சப்போ எனக்கு ஒண்ணுமே தப்பாத் தெரியலை. அதுதான் கொடுமை.

முதல் நாளே திருக்கழுக்குன்றத்தில் இருந்து ஒரு பொண்ணு அப்பாவோடு வந்தது. சிவில் டிப்ளமோ. எல்லாத்தையும் கேட்டுட்டு, கடைசியா ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: "அக்கா, பெட்ரோலுக்காவது தருவீங்களா?"

தங்கமணி என்னைப் பார்த்தாங்க. நான் ஃபேனைப் பார்த்தேன்.

அந்த ஒரு கேள்வியைக் கூட்டிக் கழிச்சுப் பாருங்க மக்களே. லேப்டாப் அவங்களோடது. வண்டி அவங்களோடது. பெட்ரோல் அவங்க அப்பாவோடது. உழைப்பும் அவங்களோடது. அப்போ முதலாளின்னு நாங்க போட்ட முதல் என்ன? ஒரு பிளாஸ்டிக் சேர்! அந்தக் கணக்குல மூணு மாசத்துக்கு எங்க தொழிலை நடத்தப் போறது நாங்க இல்லை, டிப்ளமோ முடிச்ச பொண்ணோட அப்பா. இதுக்குப் பேரு வேலைவாய்ப்பா, வட்டியில்லாக் கடனா?

இத்தனைக்கும் நான் அடிபட்டவன். இன்ஜினியரிங் முடிச்சு நான் சேர்ந்த முதல் கம்பெனி (பேரு வேண்டாம், அவங்க வக்கீல் ரொம்ப சுறுசுறுப்பு) ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க. நாலு மாசம் "ட்ரெய்னிங்". சம்பளம் சைபர். அந்த நாலு மாசம் நான் செஞ்சது முழுக்க அவங்க கிளையன்ட்டுக்கு பில் போட்ட வேலை. ஊர்ல அம்மா "சம்பளம் வந்துச்சாப்பா?" என்று கேட்கும்போதெல்லாம் "பேங்க் அக்கவுண்ட் ஓப்பன் ஆகலைம்மா" என்று புளுகினவன் நான். அப்படிப்பட்ட நானே, நாற்காலி இந்தப் பக்கம் திரும்பினதும், அதே வரியைக் கூச்சமே இல்லாம டைப் அடிச்சிருக்கேன்.

நாம என்னமா பொங்குவோம்! 2023-ல் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னு சொன்னப்போ கீபோர்டு தேயற வரைக்கும் திட்டினோம். அதே வருஷம் ஏப்ரல் 21-ம் தேதி 12 மணி நேர வேலைக்கு வழி செய்யற திருத்த மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறினப்போ கொதிச்சோம். தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்ததில், மே 1 அன்னிக்கு மசோதாவைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சப்போ நாமளே ஜெயிச்ச மாதிரி ஸ்வீட் சாப்பிட்டோம். சரி, நம்ம மச்சான் கடையில், நம்ம ஃப்ரெண்டு ஸ்டூடியோவில், நம்ம வீட்டு முன்னறையில் வேலை பார்க்கிற ஒத்தை ஆளுக்கு எத்தனை மணி நேரம்? என்ன சம்பளம்? என்னிக்காவது கேட்டிருக்கோமா?

அவங்களுக்காகக் கேக்க யாருமே கிடையாது. பி.எஃப். கட்டாயமாகணும்னா 20 பேர் வேணும். இ.எஸ்.ஐ.க்கு 10 பேர். கிராஜுவிட்டிக்கு 10 பேர். பாலியல் தொல்லையை விசாரிக்க ஆபீஸுக்குள்ளேயே குழு வைக்கணும்னு சொல்ற 2013 சட்டமும் 10 பேர்ல இருந்துதான். 2025 நவம்பர் 21-ல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தப்போ எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் என்று மத்திய அரசு அறிவிச்சது. நல்ல விஷயம். ஆனா செங்கல்பட்டில் ஒரு வீட்டு முன்னறைக்கு வந்து "லெட்டர் கொடுத்தியா?" என்று கேட்க எந்த அதிகாரி வரப்போறார்?

சின்னத் தொழில் நசுங்கிடக் கூடாதுன்னு கொடுத்த சலுகை இதெல்லாம். அது நியாயம்தான், நான் எதிர்க்கலை. ஆனா நாம அதை எப்படிப் படிக்கிறோம்? "பத்து பேர் சேர்ற வரைக்கும் என்ன வேணா பண்ணலாம்" என்று! முதல் ஆளுக்கும் அவரோட வாழ்க்கைக்கும் நடுவில் சட்டம் பாதி தூரம்தான் நிக்குது. மீதி தூரத்துக்கு நிக்க வேண்டியது முதலாளியோட யோக்கியதை. அது இல்லாதவன் ஆள் எடுக்கக் கூடாது. என் கட்சி அவ்வளவுதான்.

ஒண்ணு மறந்துடாதீங்க. குறைந்தபட்ச ஊதியத்துக்கு இந்த 10, 20 கணக்கெல்லாம் கிடையாது. ஒரே ஒரு ஆள் இருந்தாலும் கொடுத்தே ஆகணும். மாசச் சம்பளம்னா அடுத்த மாசம் 7-ம் தேதிக்குள்ள கொடுக்கணும்.

இனி எதிர்க்கட்சி வாதங்கள். போன வாரம் நண்பர்களோட டீக்கடையில் இதைப் பேசினப்போ வந்ததையே எடுத்துக்கறேன்.

"வேலை கத்துக் கொடுக்கறோமே, அதுக்கு எதுக்குப்பா சம்பளம்? அந்தக் காலத்துல சிற்பிங்ககிட்ட சேர்ந்தவன் காசா கேட்டான்?"

மாமல்லபுரத்தையே உதாரணம் காட்டினதால அங்கேயே போவோம். அங்க உளிச் சத்தம் கேட்கிற எந்தப் பட்டறையிலும் போய் நில்லுங்க. குரு பக்கத்திலேயே உக்காந்து கோடு போட்டுக் கொடுப்பார். 1957-ல் அங்க அரசே சிற்பப் பயிற்சிக்குன்னு ஒரு நிறுவனம் ஆரம்பிச்சது. இன்னிக்கு அது அரசு கட்டட மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி. பின்னாளில் கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பின வை. கணபதி ஸ்தபதி அதன் முதல்வரா இருந்தவர். அங்க பயிற்சின்னா ஆசிரியர் உண்டு, பாடம் உண்டு, முடிவில் ஒரு சான்றிதழ் உண்டு. நம்ம ஆபீஸ் ட்ரெய்னிங்ல என்ன உண்டு? முதல் நாளே டேப்பைக் கையில் கொடுத்து "போய் அளவு எடுத்துட்டு வாம்மா". அதுக்குப் பேரு வேலை. நிஜமான பயிற்சிக்கே அப்ரென்டிஸ் சட்டம் 1961-ல் இருந்து இருக்கு. அதிலும் உதவித்தொகை கொடுக்கணும்னுதான் போட்டிருக்கு.

"கத்துக்கிட்டு ஓடிடுவாங்க. பாண்ட் போட்டாதான் ஆச்சு. உச்ச நீதிமன்றமே பாண்ட் செல்லும்னு சொல்லிடுச்சே?"

சொல்லிச்சு, 2025 மே மாசம், விஜயா வங்கி வழக்கில். மூணு வருஷத்துக்குள்ள போனா 2 லட்சம் கட்டணும்ங்கிற நிபந்தனை செல்லும்னு தீர்ப்பு. ஆனா காரணத்தையும் படிங்கப்பா. பொதுத்துறை வங்கி, நாடு முழுக்க விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தி ஆள் எடுக்குது, பாதியில் போனா அந்தச் செலவு திரும்பவும் ஆகுதுன்னு கோர்ட் பார்த்தது. நீங்க செஞ்ச செலவு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒண்ணு. இதுக்கு ரெண்டு வருஷ பாண்டா? இன்னொண்ணு, ஓடினவங்கதான் இன்னிக்கு முதலாளி. தங்கமணி கூட சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் கத்துக்கிட்டு வெளிய வந்தவங்கதான். நாம நோட்டீஸ் பீரியட்லயே மூணு ஆஃபர் லெட்டரை வச்சுக்கிட்டு பேரம் பேசுற ஜாதி. நமக்கு விசுவாசம் பத்திப் பேச வாய் இருக்கா?

"சம்பளம் கொடுக்கக் கட்டுப்படி ஆகலையே சார்?"

இதுதான் நேர்மையான வாதம். இதுக்கு மட்டும் மரியாதையா பதில் சொல்றேன். கட்டுப்படி ஆகலைன்னா, உங்களுக்கு ஆள் தேவைப்படலை, ரேட் ஏத்த வேண்டியிருக்கு. மாமல்லபுரம் சைட்டுக்குப் போய்வர அறுபது கிலோமீட்டரை யாரு கொட்டேஷன்ல போட்டா? உப்புக் காத்துல சாதாரணக் கீல் துருப்பிடிக்கும்னு தெரிஞ்சு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாத்துறோம், அதுக்குக் கூடுதல் காசு வாங்குறோம். அதைப் போய் நின்னு சரிபார்க்கிற ஆளுக்கு மட்டும் கொட்டேஷன்ல வரியே இல்லை. கிளையன்ட் கிட்ட கேட்கப் பயம், அதனால ஃப்ரெஷர் வயித்துல அடிக்கிறோம். அவ்வளவுதான் மேட்டர்.

சரி, நாங்க என்ன பண்ணினோம்? விளம்பரத்தைக் கிழிச்சோம். மாசம் 18,000 ரூபாய், முதல் நாள்ல இருந்து. பெட்ரோலுக்கு கிலோமீட்டர் கணக்குல தனி. மூணு மாசச் சம்பளம் 54,000-ஐ ஆள் சேர்றதுக்கு முன்னாடியே தனிக் கணக்கில் போட்டோம் (என் புது லேப்டாப் கனவு கோவிந்தா). ஒரு பக்கத்துக்கு நியமனக் கடிதம்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், வார விடுமுறை, எந்தத் தேதியில் சம்பளம். ஒரிஜினல் சர்டிபிகேட் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தாச்சு. வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினா 2 லட்சம் விபத்துக் காப்பீடு தர்ற பிரதமர் சுரக்ஷா திட்டம் வங்கிக் கணக்கிலேயே கிடைக்குது. அந்த 20 ரூபாயும் நாங்கதான்.

அந்தப் பொண்ணோட அப்பா ஒண்ணு கேட்டார்: "சைட்ல பொண்ணு தனியா இருக்குமாங்க?" நாங்க யோசிக்கவே இல்லாத கேள்வி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தனியா சைட்ல இருக்க வேண்டியதில்லைன்னு கடிதத்திலேயே எழுதினோம். 10 பேருக்குக் குறைவான இடத்தில் வேலை பார்க்கிற பெண்ணும், முதலாளி மேலேயே புகார் இருந்தாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுகிட்ட போகலாம்ங்கிறதையும் சேர்த்து எழுதினோம். "நம்ம மேலேயே எப்படிப் புகார் கொடுக்கறதுன்னு நாமளே எழுதிக் கொடுக்கணுமா?" என்று நான் முனகினேன். "ஆமா, அதான் லெட்டர்" என்றார் தங்கமணி.

மூணாவது வாரமே சோதனை வந்தது. கிச்சன்ல லாஃப்ட் அகலத்தை ஒரே இடத்தில் மட்டும் அளந்து கொடுத்துடுச்சு. சுவர் என்னிக்கு நேரா இருந்திருக்கு? மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்தில் அளந்து, குறைஞ்சதை எடுக்கணும். எட்டுக்கு நாலு பிளைவுட் ரெண்டு ஷீட் வெட்டினது வெட்டினதுதான். "என் சம்பளத்துல பிடிச்சுக்கங்கக்கா" என்று கண்ணு கலங்கிச்சு. தங்கமணி பிடிக்கலை. "மூணு இடம் அளக்கணும்னு நான் சொன்னேனா? சொல்லலையே. அப்போ பாதித் தப்பு என்னோடது" என்றவர், அன்னிக்கு ராத்திரியே அளவெடுக்கிறதுக்கு ஒரு பட்டியல் போட்டார். டைல்ஸ் ஒட்டினதுக்கு அப்புறம் எடுத்த அளவா, சுவர்ல மூணு புள்ளி பார்த்தாச்சா, பைப் எங்க வருது, சுவிட்ச் பாக்ஸ் எங்க வருதுன்னு. சம்பளம் இல்லாத ட்ரெய்னிங்கா இருந்திருந்தா அந்தப் பட்டியல் பிறந்தே இருக்காது. இலவசமா வந்த ஆளோட நேரத்துக்கு மதிப்பு கிடையாது, அதனால அவங்களுக்குக் கத்துக் கொடுக்கவும் யாரும் மெனக்கெட மாட்டாங்க. காசு கொடுக்கிறவன்தான் ஒழுங்காக் கத்துக் கொடுப்பான்.

நாளைக்கே அந்தப் பொண்ணு வேற வேலை கிடைச்சுப் போகலாம். போகட்டும். கணக்கை முடிச்சு, அனுபவச் சான்றிதழ் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவோம்.

இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேர் என்னை மாதிரி பகல்ல ஆணி புடுங்கிட்டு, சைடுல ஒரு தொழில் கனவோட இருக்கறவங்க. உங்க முதல் ஆளுக்கு விளம்பரம் எழுதும்போது ஒரே ஒரு சோதனை பண்ணுங்க. அதை உங்க தங்கச்சிக்கு அனுப்புங்க. "நீ போவியா?" என்று கேளுங்க. அவ திட்டினா, மாத்தி எழுதுங்க.

டிஸ்கி: இந்தப் பதிவைப் போடுறதுக்கு முன்னாடி தங்கமணிகிட்டயும் அந்தப் பொண்ணுகிட்டயும் படிச்சுக் காட்டி அனுமதி வாங்கியாச்சு. பொண்ணு ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னது: "கண்ணு கலங்கலைண்ணா, தூசி." சரி, தூசின்னே வச்சுக்குவோம் :-)