காசு கொடுத்தால்தான் காது கிடைக்குமா?

மனநோய்க்கு மருந்து உண்ணும் ஒருவர், அந்த மருந்து தமக்கு இன்னும் பொருந்துகிறதா, அளவைக் குறைக்கலாமா, வேறொன்றுக்கு மாற்றலாமா என்று ஒரு வைத்திய நிபுணரிடம் ஆறுதலாக இருந்து கேட்க விரும்பினால் அவர் எங்கே போவது? அரசாங்க வைத்தியசாலைக்கு என்று சொல்வீர்கள். அங்கே மாத்திரை இலவசம். அதை நாம் மறுக்கவில்லை. இலவச வைத்தியம் இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும் பேறு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாத்திரையைப் பற்றிப் பேசுவதற்கு வேண்டிய நேரம் அங்கே கிடைக்கிறதா? காலையிலே கிளினிக் மண்டபம் நிரம்பிவிடுகிறது. பெயர் கூப்பிடப்படுகிறது, கொப்பி நீட்டப்படுகிறது. “எப்படி இருக்கிறீர்?” “இருக்கிறேன், ஐயா.” சென்ற மாதம் எழுதியதே இந்த மாதமும் எழுதப்படுகிறது. அடுத்த பெயர்!

ஆகவேதான் கையிலே நாலு காசு உள்ளவர், மாலையானதும் தனியார் வைத்தியசாலையிலே இலக்கம் எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார். ‘சனல்’ பண்ணுதல் என்று ஊரிலே இதற்குப் பெயர். பல வேளைகளில் அங்கே கதிரையில் இருப்பவரும் காலையிலே கிளினிக்கில் இருந்த அதே நிபுணர்தாம். கடமை நேரம் முடிந்தபின் தனியாகத் தொழில் செய்ய அரசாங்க விதிகள் இடம் தருகின்றன, சட்டத்திலே குற்றமில்லை. ஆயினும் நாம் கேட்கிறோம்: காலையிலே இல்லாத காது மாலையிலே எங்கிருந்து முளைத்தது? வைத்தியரை ஏசுவதற்காக இதைக் கேட்கவில்லை. ஒரு மாவட்டத்தின் பாரத்தை ஓரிருவர் தலையிலே சுமத்திவிட்டு, அவர்கள் ஒவ்வொருவரிடமும் நின்று நிதானித்துப் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அந்தப் பாரத்தைச் சுமத்தியவர்கள் யார் என்பதே எமது வழக்கு.

மனநோய் மருந்தைப் பரிசீலிப்பது என்றால் என்ன என்பதை முதலிலே தெளிவாக்கிக் கொள்வோம். சலரோகத்துக்கு மருந்து எடுப்பவரின் இரத்தத்தைப் பரிசோதித்தால் சீனியின் அளவு தெரியும். மனத்துக்கு அப்படி ஒரு கருவி இல்லை. நோயாளி சொல்லவேண்டும்; வைத்தியர் கேட்கவேண்டும். மருந்தின் பக்கவிளைவுகளிலே பலவும் அப்படியே கேட்டுத்தான் அறியப்படுவன. ஹலோபெரிடோல் போன்ற மருந்துகளால் சிலருக்குக் கை நடுங்கும், உடல் விறைக்கும். வேறு சிலருக்கு ஓரிடத்தில் இருக்கமுடியாத ஓர் இருப்புக்கொள்ளாமை உண்டாகும். எழும்புவார், நடப்பார், இருப்பார், மீண்டும் எழும்புவார். இது மருந்து செய்யும் வேலை. கேட்டறிய நேரமில்லாத இடத்திலோ இது நோய் முற்றியதன் அடையாளமாகக் கொள்ளப்படலாம். அப்போது நடப்பதென்ன? மருந்து கூட்டப்படும். மருந்து கூடக் கூட இருப்புக்கொள்ளாமையும் கூடும். இந்த ஆபத்து மருத்துவ நூல்களிலே விளக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தடுக்கும் உபாயமோ, பொறுமையாகக் கேட்கப்படும் நாலு கேள்விகள்.

கமக்காரருக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். மனநிலை ஏறியும் இறங்கியும் அலைக்கழியும் நோய்க்கு லிதியம் என்னும் மருந்து கொடுக்கப்படுகிறது. நல்ல மருந்து, பல குடும்பங்களைக் காத்த மருந்து. ஆனால் இரத்தத்திலே அதன் அளவு ஓர் ஒடுங்கிய எல்லைக்குள் நிற்கவேண்டும். குறைந்தால் பயனில்லை, கூடினால் நஞ்சு. வெயிலிலே நின்று மண்வெட்டி பிடித்து வேர்த்து, உடலிலே நீரும் உப்பும் குறைந்தால் அந்த அளவு ஏறும். முதுகு நோகிறதென்று பாமசியிலே வாங்கி விழுங்கும் டைக்குளோபெனக் போன்ற நோவு மாத்திரையாலும் ஏறும். ஆகையால் காலந்தோறும் இரத்தத்திலே லிதியத்தின் அளவும், சிறுநீரகமும், தைரொயிட் சுரப்பியும் பரிசோதிக்கப்படவேண்டும். துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ வயல் செய்யும் ஒருவருக்கு இதை எவர் எடுத்துச் சொன்னார்? அவர் கொப்பியிலே மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. எச்சரிக்கையோ எந்த மொழியிலும் இல்லை!

குளோசபினின் கதையும் இதுவே. வேறு மருந்துகளுக்கு வசப்படாத நோய்க்கு அது கொடுக்கப்படும்போது வெள்ளை இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும் என்பதனால், தொடக்கத்திலே வாரந்தோறும் இரத்தம் பார்க்கவேண்டும் என்பது வழக்கமாகக் கைக்கொள்ளப்படும் நியதி. வாரந்தோறும் பட்டணத்துக்குப் பஸ் ஏறக் கூலிவேலைக்காரனிடம் காசு ஏது? அப்படிப் போனால் அன்றைய கூலி ஏது?

2022 ஆம் ஆண்டிலே வெளிநாட்டுச் செலாவணி வற்றி, அரசாங்கம் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதென்று கைவிரித்தபோது, மருந்துகளின் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் இந்நாட்டிலே வைத்தியசாலைகள் மருந்துத் தட்டுப்பாட்டால் தவித்தன. மருந்து மாறுவது எப்போதோ அப்போதுதான் பரிசீலனை மிக மிக அவசியம். ஆனால் அந்தக் காலத்திலேதான் வைத்தியர்களும் நாட்டைவிட்டுப் போனார்கள்!

இனி, காசைவிடக் கொடிய தடையொன்றைப் பற்றிச் சொல்வோம். அது மொழி.

எலும்பு முறிந்தவனுடைய மொழி தெரியாத வைத்தியரும் எலும்பைப் பொருத்திவிடலாம். இருதயத்தின் துடிப்புக்குச் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. மனநோய் வைத்தியத்திலோ மொழியே கருவி. “நெஞ்சு பதகளிக்குது” என்று ஒரு தாய் சொல்கிறாள். அது இருதய நோயா, அச்சமா, துக்கமா? “ஒரே யோசனை” என்கிறாள். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வெறும் நினைத்தலாகிவிடும். யாழ்ப்பாணத்தாளின் வாயிலே அது உறக்கத்தைத் தின்னும் கவலை என்பதை அறிந்தவர் அருகில் இல்லாவிட்டால் வைத்தியர் எதை எழுதுவார்? வடக்கிலும் கிழக்கிலும் மொழி அறியாத நிபுணர் நியமிக்கப்படும்போது இந்த இடர் உண்டாகிறது. மலைநாட்டுத் தோட்டத்துப் பெண் நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ போகும்போது அவளுக்கு இது புதிதன்று.

அப்போது மொழிபெயர்க்க யார் வருகிறார்? சிற்றூழியர் ஒருவர், அல்லது மருந்தெடுக்க வந்த வேறொருவர், அல்லது அந்தத் தாயின் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. சாவைப் பற்றி நினைக்கிறீரா என்று வைத்தியர் தாயிடம் கேட்பதைப் பிள்ளை தன் வாயாலே கேட்கவேண்டும்! மருந்தினாலே தாம்பத்திய வாழ்க்கை குலைந்துபோனதை ஒரு கணவன் மைத்துனன் மூலமாகச் சொல்லவேண்டும்! எவன் சொல்வான்? சொல்லாமல் வீட்டுக்கு வருவான். மாத்திரையைக் கூரைக்குள் செருகுவான். மூன்றாம் மாதம் நோய் திரும்பும். ‘மருந்து ஒழுங்காக எடுக்காதவன்’ என்று கொப்பியிலே எழுதப்படும்.

1956 ஆம் ஆண்டிலே இந்நாட்டுப் பாராளுமன்றம் இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று, சிங்களம் மாத்திரமே அரசகரும மொழி என்று சட்டம் இயற்றியது. அது எவருக்கும் மறக்கவில்லை. மற்றையதை நினைப்பவர் குறைவு. வெள்ளைக்காரன் 1873 ஆம் ஆண்டிலே பித்தரை அடைத்துவைப்பதற்கென்று இயற்றிய கட்டளைச் சட்டத்தை எடுத்து, திருத்தங்கள் சில செய்து, ‘மனநோய்’ என்னும் நாகரிகமான பெயரைச் சூட்டியது. பெயர் மாறியது, எலும்புக்கூடு மாறவில்லை. ஒருவனை மாவட்ட நீதிமன்றத்தின் முன் கொண்டுவருவது எப்படி, வைத்தியசாலைக்கு அனுப்புவது எப்படி என்பதே அச்சட்டத்தின் மையம். வீட்டிலே இருந்து, தொழில் செய்து, மருந்தும் எடுத்துக்கொண்டு வாழும் மனிதனுக்கு, அந்த மருந்தைப் பற்றி விளக்கம் கேட்கவும் குறித்த காலத்திலே பரிசீலனை பெறவும் உரிமை உண்டென்று அதிலே ஒரு வரியைக் காட்டட்டும், பார்ப்போம்! 2005 ஆம் ஆண்டின் மனநலக் கொள்கை, சேவையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குப் பரப்புவதாக வாக்களித்தது. அதன் பயனாக மாவட்ட வைத்தியசாலைகளிலே சில நன்மைகள் விளைந்தன என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்தக் கொள்கையின் பத்தாண்டு 2015 இலே முடிந்தது. அதற்குள் புதிய சட்டம் பிறக்கவில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவைத் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து 1998 ஆம் ஆண்டிலே நீக்க முடிந்த பாராளுமன்றத்துக்கு இது முடியாத காரியமன்று.

மொழியைப் பொறுத்தவரையில் புதிய சட்டமும் வேண்டியதில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் எந்த அரசாங்க உத்தியோகத்தரோடும் தமிழிலே கருமமாற்றவும் பதில் பெறவும் ஒருவருக்கு உரித்துண்டு என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கூறுகிறது. அரசாங்க வைத்தியர் உத்தியோகத்தர் அல்லரா? தன் உயிருக்கு ஆதாரமான மருந்தைப் பற்றிக் கேட்பது கருமமாற்றுதல் அன்றா? பிறப்புச் சான்றிதழைத் தமிழிலே கேட்கலாம், மனவேதனையைத் தமிழிலே சொல்லமுடியாது என்று எவரேனும் வாதிப்பாராயின், அந்த வாதத்தை நீதிமன்றத்திலே கேட்க நாம் ஆவலாயிருக்கிறோம்.

நிபுணர் போதாது என்பார்கள். எவருடைய தவறு? நிபுணரை எங்கே அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பது கொழும்பிலே உள்ள சுகாதார அமைச்சு. சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம் என்று புத்தகத்திலே எழுதியிருக்கிறது. ஆனால் வடமாகாணத்தின் முதலாவது சபை 2018 ஒக்டோபரிலே கலைந்தபின், ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. கேள்வி கேட்கச் சபையுமில்லை, பதில் சொல்ல அமைச்சருமில்லை என்னும் நிலையிலே, 1983 முதல் 2009 வரை யுத்தத்தையும், நடுவே 2004 டிசெம்பரிலே கடற்கோளையும் கண்ட ஒரு சனத்தின் மனக்காயம் விடப்பட்டது.

எமது கற்றவர்களிடமும் இரண்டு வார்த்தை. வழக்கறிஞர், ஆசிரியர், பொறியியலாளர், ஏன், வைத்தியர்கூட, தம் வீட்டிலே ஒருவருக்கு மனநோய் என்றால் ஊரறியாமல் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தனியார் நிபுணரிடம் காட்டுகிறார்கள். ‘விசர்’ என்னும் சொல்லுக்கு அஞ்சி, மகளின் கலியாணத்துக்கு அஞ்சிச் செய்கிறார்கள். அவர்கள் வேதனையை நாம் எள்ளவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். தனியார் நிபுணரிடம் கிளினிக் கொப்பி போவதில்லை. கிளினிக்குக்குத் தனியார் துண்டு வருவதில்லை. ஒரே உடம்புக்குள் இரண்டு வைத்தியரின் மருந்து சேர்கிறது. இரத்தப் பரிசோதனையை எவர் நினைவூட்டுவது என்று எவருக்கும் தெரியாது. அன்றியும், கேட்டால் பதில் பெறக்கூடிய வாயெல்லாம் அரசாங்கக் கிளினிக்கை விட்டு வெளியேறிவிட்டால், அங்கே மிஞ்சுவோர் “இருக்கிறேன், ஐயா” என்று சொல்பவர்களே. பள்ளிக்கூடம் சீர்கெட்டால் கூட்டம் வைக்கிறோம். குளம் உடைந்தால் கச்சேரிக்குப் போகிறோம். மனநோய்க் கிளினிக்குக்காக ஒரு மனுவேனும் எழுதினோமா?

தனியார் நிபுணரிடம் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போகிறவர் கிளினிக் கொப்பியையும், உண்ணும் மாத்திரை எல்லாவற்றையும், கடைசி இரத்தப் பரிசோதனையின் பெறுபேற்றையும் கொண்டுபோகட்டும். அங்கே செய்த மாற்றத்தை எழுத்திலே பெற்றுவந்து கிளினிக்கிலே காட்டட்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: எவரும் இதை வாசித்துவிட்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. திடீரென நிறுத்துவதால் வரும் கேடு பெரிது.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது பிச்சையன்று. மனநோய்க்கு மருந்து எடுக்கும் ஒவ்வொருவருக்கும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மருந்தைப் பரிசீலிப்பதற்கென்றே தனியாக ஒதுக்கிய நேரம் வேண்டும். அது அவர் மொழியிலே நடக்கவேண்டும். நிபுணருக்குத் தமிழ் தெரியாத இடத்திலே பயிற்றப்பட்டுச் சம்பளம் பெறும் மொழிபெயர்ப்பாளர் இருக்கவேண்டும், பிள்ளையுமன்று, சிற்றூழியருமன்று. லிதியம், குளோசபின் எடுப்போரின் இரத்தம் அவர்கள் ஊருக்கு அண்மையான வைத்தியசாலையிலே எடுக்கப்பட்டு, பெறுபேறு கிளினிக்குக்குத் தானாகப் போய்ச்சேரவேண்டும். மருந்தின் பெயரும், எதற்காக என்பதும், எதற்கு அஞ்சவேண்டும் என்பதும் கொப்பியிலே தமிழில் இருக்கவேண்டும்.

கடைசியிற் சொன்னதற்குப் பணமும் வேண்டாம், பாராளுமன்றமும் வேண்டாம். ஒரு பேனை போதும். அடுத்த கிளினிக் நாளிலே கொப்பியை நீட்டும்போது, “ஐயா, இதைத் தமிழிலே எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். மறுக்கப்பட்டால் திகதியையும் இடத்தையும் குறித்து, வைத்தியசாலைப் பணிப்பாளருக்கும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் தமிழிலே முறைப்பாடு அனுப்புங்கள். பிரதியொன்றை வீட்டிலே வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுப்பது ஊரிலே உள்ள ஆசிரியரின் வேலை, வழக்கறிஞரின் வேலை. அதற்குக் கூலி வாங்கக்கூடாது.