அற்புத எண்ணெயையும் விற்கத்தான் வேண்டியிருந்தது

இவ்வாரத் தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7



நம் மாவட்டத்துச் சுவர்களில் ஒட்டப்படும் கூட்ட விளம்பரங்களைக் கவனித்திருப்பீர்கள். நோய் நீங்கும், தடைபட்ட திருமணம் கைகூடும் என்ற வரிகளுக்கு அடுத்து, கடன் தீரும் என்ற வாக்குறுதியும் இடம்பெறுகிறது. அத்தகைய கூட்டங்கள் சிலவற்றில் கடன் தீர ஒரு வழியும் போதிக்கப்படுகிறது: கையில் இருப்பதை விதையாகக் காணிக்கை உறையில் போடுங்கள், தேவன் பல மடங்காகத் திருப்பித் தருவார் என்கிறார்கள். வட்டி கட்ட எடுத்து வைத்த பணம் அந்த உறைக்குள் போகிறது. அடுத்த மாதம் வட்டி இரட்டிக்கிறது. அற்புதம் நிகழாதபோது, விசுவாசம் போதவில்லை என்ற பழியும் கடன்பட்டவர் தலையிலேயே விழுகிறது. இந்தப் போதனை வேதத்துக்கு விரோதமானது. சபையை நடத்தும் பொறுப்பில் இருக்கிறவர்கள் இதைக் கண்டும் வாய்மூடி இருப்பது தகாது.

அப்படிப் போதிக்கிறவர்கள் விரும்பி எடுத்தாளும் பகுதிகளுள் ஒன்று, எலிசாவின் காலத்து விதவையின் வீட்டில் எண்ணெய் பெருகிய நிகழ்ச்சி. அதை முழுவதுமாக வாசித்துப் பாருங்கள். அவள் கணவன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன். கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். அப்படிப்பட்டவன் கடனை விட்டுவிட்டே இறந்தான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். கடன்பட்ட வீடெல்லாம் சாபம் பிடித்த வீடு என்று பேசுகிறவர்கள் முதல் வசனத்திலேயே நின்று வெட்கப்பட வேண்டும்.

எலிசா அவளிடம் காணிக்கை கேட்கவில்லை. அவள் வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். அயலாரிடம் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னார். கதவைப் பூட்டிக்கொண்டு வார்க்கச் சொன்னார். எண்ணெய் பெருகியபின் அவள் மறுபடியும் வந்து கேட்டபோது, அதை விற்றுக் கடனைக் கொடுத்துவிட்டு, எஞ்சியதில் பிள்ளைகளோடு பிழைக்கும்படி அனுப்பினார். கடன் பத்திரம் வானத்திலிருந்து கிழிந்து விழவில்லை, கடன்காரனும் மறைந்துபோகவில்லை. தேவன் அற்புதம் செய்தார். ஆயினும் அந்த அற்புத எண்ணெயையும் சுமந்துகொண்டுபோய் விற்கவேண்டியது அவள் வேலையாக இருந்தது.

சாறிபாத் ஊர் விதவை கடைசி மாவையும் எலியாவுக்குக் கொடுத்தாளே என்று சிலர் கேட்பார்கள். அவள் கொடுத்தது தன் சொந்த மாவை. பசித்து வந்த ஒரு மனிதனுக்கு. பிறருக்குக் கொடுக்கவேண்டிய பணம் நம்முடைய பணம் அல்ல. பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்கித் தப்பித்துக்கொண்டவர்களை நம் ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மளிகைக் கடைக்காரரின் பாக்கியைக் காணிக்கைத் தட்டில் போடுவதும் அதே வகையைச் சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கடைக்குக் கொண்டுபோங்கள். அதுவும் ஆராதனையே.

ஆகவே தீர்க்கதரிசி காட்டிய வரிசையிலேயே போவோம். முதலில், வீட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. நம் வீடுகள் பலவற்றில் இதற்குப் பதில் இல்லை. கணவன் வாங்கியது மனைவிக்குத் தெரியாது. மனைவி குழுவில் எடுத்தது கணவனுக்குத் தெரியாது. அடகுச் சீட்டு அரிசிப் பானைக்குள் இருக்கிறது. ஒரு நோட்டை எடுத்து, யாருக்கு எவ்வளவு, எத்தனை வட்டி, எந்தத் தேதி என்று குடும்பமாக உட்கார்ந்து எழுதாதவரை ஜெபத்தில் எதைக் கேட்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்பது லூக்கா 14-இல் கர்த்தர் தந்த போதனை. கணக்கு எழுதுவது அவிசுவாசம் என்று எவரும் இனிச் சொல்லவேண்டாம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு இலட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய்க்கு, ஒருவர் வாங்கியிருக்கிறார். மாதம் 3,000 ரூபாய் கட்டுகிறவர் வட்டியை மட்டுமே கட்டுகிறார். மூன்று ஆண்டில் 1,08,000 ரூபாய் கொடுத்தபின்னும் முதல் அப்படியே நிற்கும். முதல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்று கொண்டால், மாதம் 5,000 கட்டுகிறவருக்கு 31 மாதங்களில் கடன் தீரும். 7,000 கட்டுகிறவருக்கு 19 மாதங்களில் தீரும். அந்தக் கூடுதல் 2,000 ரூபாய் ஒரு வருடத் தவணையை வெட்டுகிறது. வட்டியில் 22,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாக்குகிறது. இதே நேரத்தில் பெட்டியில் ஒரு சங்கிலி சும்மா கிடக்குமானால், கௌரவத்துக்காக நாம் மாதந்தோறும் செலுத்தும் வாடகையின் பெயர்தான் வட்டி. அதை விற்றுக் கடனை அடையுங்கள். வெறுங்கழுத்தோடு ஆலயத்துக்கு வாருங்கள். கர்த்தருடைய சமுகத்தில் அது குறைவல்ல.

செலவைக் குறைப்பது எப்படி என்று நம் பாட்டிமார் நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார்கள். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு, ஆலயத்துக்குப் பிடியரிசியாகக் கொடுத்தார்கள். சமைத்து உண்டு மிஞ்சியதை அவர்கள் எடுத்து வைக்கவில்லை. கடன் தவணைக்கும் அதே ஒழுங்கு வேண்டும்: கூலி கைக்கு வந்த நாளிலேயே முதற்பிடி கடனுக்கு. டாஸ்மாக் வாசலில் அந்த முதற்பிடியைக் கரைத்துவிட்டு வீட்டில் மனைவியின் செலவைக் கணக்குக் கேட்கும் ஆண்களுக்கு இந்த வாரத்துத் தியானம் சிறப்பாக உரியது.

அடுத்தது, விற்கச் சொன்ன கட்டளை. இருக்கும் வருமானம் போதாதபோது கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். இது உலகக் காரியம், பிரசங்க பீடத்துக்கு உரியதல்ல என்று நினைப்பவர்கள் நம் திருச்சபையின் வரலாற்றை மறந்தவர்கள். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷனரிச் சங்கத்துச் சார்ல்ஸ் மால்ட் ஐயரின் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, படிப்போடு ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். அப்பிள்ளைகளில் அடிமைகளாக இருந்தவர்களும் உண்டு. ரேந்தை விற்ற பணத்தைச் சேர்த்துச் செலுத்தித் தங்கள் விடுதலையைப் பெற்றவர்கள் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். சட்டம் வருமுன்னே அந்தப் பிள்ளைகளின் விரல்கள் தங்கள் சங்கிலியை அவிழ்த்தன. ஒரு மனித உயிருக்கு விலை கேட்டவர்களின் அநீதியை நாம் மறைக்கவேண்டியதில்லை. அந்த அநீதியின் நடுவே திருச்சபை அவர்களுக்கு ஜெபத்தோடு ஊசியையும் நூலையும் கொடுத்தது என்பதே நாம் நினைவுகூர வேண்டியது.

நூறாண்டு கழித்து, 1920-களில், மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தைத் தொடங்கி நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் அவர்களும் அதே பாதையில் நடந்தார். சிறு விவசாயிகளுக்குத் தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் கற்றுக்கொடுக்கப்பட்டன. தேனையும் முட்டையையும் கூட்டுறவாக விற்க வழி செய்யப்பட்டது. இன்று மார்த்தாண்டம் தேன் என்று வெளியூரார் கேட்டு வாங்குகிறார்கள் என்றால், ஏழைகளின் வருமானத்தைத் தேவனுடைய காரியமாக எண்ணியவர்கள் இட்ட அடித்தளம் அதற்கு உண்டு. தையல், தேன், கோழி, மாலை நேர டியூஷன், வீட்டுப் பலகாரம் என இன்று நம் வீடுகளிலும் எண்ணெய்க் குடங்கள் உண்டு. ஆனால் அந்தச் சுமை முழுவதையும் வீட்டுப் பெண்ணின் தோளில் ஏற்றிவிடாதீர்கள். வேதத்தில் அவள் தனியே வார்க்கவில்லை; பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்துக் கொடுத்தார்கள்.

இனி, இரவல் பாத்திரங்கள். அந்தத் தெருவில் அவளுக்குப் பாத்திரம் கொடுக்க அயலார் இருந்தார்கள். எங்கள் கூலி சாப்பாட்டுக்கே போதவில்லை, எதை மிச்சம் பிடிப்பது என்று கேட்கும் குடும்பங்கள் நம் நடுவில் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவில் விழுந்தவர்கள் உண்டு. கடலுக்குப் போனவர் வெறும் வலையோடு திரும்பும் வீடுகள் உண்டு. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோகும் வீடுகள் உண்டு. அவர்களுக்குச் சிக்கனத்தைப் பிரசங்கிப்பது மட்டும் போதாது. அவர்களுக்குப் பாத்திரம் கொடுக்கவேண்டிய அயலார் நாமே. ஆனால் நம்மில் சிலர் பாத்திரத்துக்குப் பதிலாக வட்டிக் கணக்கை நீட்டுகிறோம். ஞாயிறு காலையில் ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து எடுத்துவிட்டு, திங்கள் காலையில் அதே சகோதரனிடம் ஐந்து வட்டி வசூலிக்கப் போகிறவர்கள் திருச்சபைகளில் இல்லையென்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில், பஞ்சத்துக்கும் வரிக்குமாக நிலத்தையும் பிள்ளைகளையும் அடகு வைத்த ஏழைகளின் கூக்குரலைக் கேட்டு, நூற்றுக்கு ஒன்றாக வாங்கியதையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் அந்த அதிபதி. அது மாத வட்டி என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. அவர் பாவம் என்று கண்டது ஒரு வட்டியை. நாம் வாங்குவது எத்தனை? கந்துவட்டியைத் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-இலேயே தடைசெய்துவிட்டது. சட்டம் குற்றம் என்று சொன்னதைச் சபை தொழில் என்று சொல்லலாகாது.

சபையாகவும் நாம் திருந்தவேண்டும். சீதனத்தைச் சட்டம் தடைசெய்தது 1961-இல். இன்றும் பவுன் கணக்குப் பேசி முடித்தபின்னரே பல இடங்களில் ஓலை வாசிக்கப்படுகிறது. அந்தக் கடனின் தவணை, பெண்ணுக்குப் பிள்ளை பிறந்த பின்னும் தகப்பனைத் துரத்துகிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் பல்லாயிரத்துக்கு ஏற்றி விடுவதும், கட்டட நிதிக்குக் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிப்பதும், இல்லாதவனைக் கடன் வாங்கியாவது கொடுக்கத் தூண்டுகின்றன. அந்த விதவை கதவைப் பூட்டிக்கொண்டு எண்ணெயை வார்த்தாள் என்பதை இங்கே நினையுங்கள். கொடுப்பதும் அடைப்பதும் ஊருக்குக் காட்டுவதற்காக அல்ல.

வாராந்தரத் தவணையில் சிறுகடன் வாங்கியிருக்கும் சகோதரிகள் இதையும் அறிந்திருங்கள். ஆண்டு வருமானம் 3 இலட்சத்துக்கு மேற்படாத குடும்பங்களுக்கான இக்கடன்களைக் குறித்து 2022-இல் ரிசர்வ் வங்கி விதிகள் வகுத்திருக்கிறது. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக உங்களைத் தொந்தரவு செய்யலாகாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வாசலில் நின்று அவமானப்படுத்துகிறவர்கள் வந்தால் தனியாக நிற்காதீர்கள். அறைவீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். உங்களோடு வந்து நிற்பது எங்கள் ஊழியம். கடனுக்காக உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமானால், அந்த நேரமே யாரிடமாவது பேசுங்கள். எந்தக் கடனும் உங்கள் உயிரின் விலை அல்ல. அந்த விலை கல்வாரியில் செலுத்தப்பட்டுத் தீர்ந்தது.

இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் குடும்ப ஜெபத்துக்குப் பின் அந்த நோட்டை எடுத்து எழுதுங்கள். அதிக வட்டியுள்ள கடனை முதல் வரியில் எழுதுங்கள். வட்டிக்குக் கொடுத்திருப்பவர்களும் ஒரு நோட்டை எடுத்து, வாங்கிய வட்டி கொடுத்த முதலைத் தாண்டிவிட்ட பெயர்களுக்கு நேரே கோடு போடுங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த கடன் தீர்க்கும் அற்புதம் உங்கள் அயலான் வீட்டில் அந்தப் பேனாவினால் நடக்கக்கூடும்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, எங்கள் வீட்டில் இருப்பதை மறைக்காமல் உமக்கு முன் எழுதிவைக்க எங்களுக்குத் தைரியம் தாரும். எங்கள் கைகளின் உழைப்பை ஆசீர்வதியும். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கும் நேர்மையையும், இல்லாதவனுக்கு இரங்கும் இருதயத்தையும் எங்களுக்குத் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.