பெற்றோல் விலையும் லயத்துப் பாதையும்

2022 ஜனவரியில் ஒரு லீட்டர் 92 ஒக்டேன் பெற்றோல் 177 ரூபா. அதே ஆண்டு ஜூன் முடிவில் 470 ரூபா. அந்த ஆறு மாதமும் எமது நாட்சம்பளம் 1000 ரூபாவிலேயே நின்றது. முழுப்பேர் கிடைத்தால் ஐந்தரை லீட்டர் வாங்கக்கூடிய கூலி, இரண்டு லீட்டருக்கு வந்து சேர்ந்தது. ஏப்ரல் 19ஆம் திகதி எமது மாகாணத்திலேயே, கேகாலை மாவட்டத்து றம்புக்கனையில், விலையேற்றத்தை எதிர்த்து வீதிக்கு வந்த மக்கள் மீது பொலிஸார் சுட்டதையும் ஒருவர் உயிரிழந்ததையும் நாம் மறக்கவில்லை.

ஆட்டோக்காரர் வேறு, தொழிலாளி வேறு என்று சிலர் பேசுகிறார்கள். அது பிழை. எஹலியகொடப் பகுதித் தோட்டங்களில் ஆட்டோ ஓட்டுபவர்கள் கொழுந்து பறிக்கும் அம்மாவின், பால் வெட்டும் அப்பாவின் பிள்ளைகள்தான். கொழும்பில் கடையில் நின்று சேர்த்த காசை முற்பணமாகக் கட்டி லீசிங்கில் எடுத்த வண்டி அது. பெற்றோல் ஏறினாலும் ஏறாவிட்டாலும் லீசிங் கட்டும் திகதி தவறாமல் வரும். மழை பிடித்தால் பால்வெட்டு நின்றுவிடும். அந்த வாரம் ஆட்டோ கூப்பிட லயத்தில் ஆளிருக்காது.

கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீட்டர்தான். நவம்பரில் அதை 10 ஆக்கியபோதும் மேல் மாகாணத்தில்தான் தொடங்கினார்கள். அவிசாவளை மேல் மாகாணம், எஹலியகொட சப்ரகமுவ; ஒரே இரத்தினபுரி வீதியில் சிறிது தூரம்தான் இடைவெளி. டவுனில் ஓடும் வண்டிக்கு அந்த 5 லீட்டர் போதுமோ என்னவோ, முதலாம் கியரில் தோட்டத்து மேடு ஏறும் வண்டிக்கு எந்த மூலைக்கு?

விலை அறிவிப்பு இப்போது மாதா மாதம் வருகிறது. அதில் எமது சத்தம் எடுபடுவது குறைவு. ஆனால் அந்த விலை எம்மை எவ்வளவு அடிக்கிறது என்பது பாதையில் இருக்கிறது. கல் பெயர்ந்த பாதையில் அதே தூரத்துக்குக் கூடுதல் பெற்றோல் போகிறது, டயர் தேய்கிறது, வண்டி கராஜில் கிடக்கிறது. பெற்றோல் இறங்கினாலும் ஆட்டோக் கூலி இறங்காததற்கு இதுவும் காரணம். இராத்திரியில் பிரசவ வலி எடுத்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது யாரும் கூலி பேசுவதில்லை. கடன் வாங்கிக் கொடுக்கிறோம்.

தோட்டப் பாதைக்குக் காசு போடச் சட்டத்தில் இடமில்லை என்று பிரதேச சபைகள் நெடுங்காலம் கைவிரித்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆவது பிரிவைக் காட்டினார்கள். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டுவிட்டது. இனியும் அந்தச் சாக்கை நாம் ஏற்கத் தேவையில்லை. சம்பளப் பேச்சில் அரிசி, மாவோடு பயணச் செலவையும் கணக்கில் எடுக்கச் சொல்லிச் சங்கம் வாதாடும். ஆனால் பாதைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆட்டோ ஓட்டும் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கு எல்லோரும் பேசி ஒரே கூலியை முடிவு செய்து, பெரட்டுக் களத்தில் எழுதி ஒட்டுங்கள்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, மெயின் ரோட்டிலிருந்து கடைசி லயம் வரை எத்தனை கிலோமீற்றர், எந்த வளைவில் வண்டி ஏறாது, எந்தப் பாலம் உடைந்து கிடக்கிறது என்று டிவிசன் வாரியாக எழுதிக் கொண்டு வாருங்கள். அவற்றை ஒன்றாக்கிப் பிரதேச சபைத் தவிசாளரிடம் நேரில் கையளிப்போம்.