புகையிரதம் மீண்டது, சரக்குப் பெட்டி எங்கே?

1905 ஆம் ஆண்டு காங்கேசன்துறை வரை நிறைவெய்திய வடபகுதிப் புகையிரதப் பாதை, உத்தியோகத்தரோடு கமக்காரனையும் வாழவைத்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலையும் வெங்காயமும், பின்னாளில் காங்கேசன்துறைச் சீமெந்தும் அதன்வழியே தென்னிலங்கையை அடைந்தன. 1956 இல் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியதும், கொழும்பில் கடமையாற்றிய தமிழருக்கு ஊர் ஒரு பகற்பொழுதுத் தூரமாயிற்று.

1990 இல் போர் அப்பாதையை முறித்தது, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. இந்தியக் கடனுதவியால் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 இல் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டது. மக்கள் மகிழ்ந்தனர்.

ஆயினும் மீண்டது பிரயாணிகள் வண்டியே. தோட்டத்து விளைபொருளோ இன்றும் பெரும்பாலும் லொறியிலேயே செல்கின்றது. கூலி போக மிஞ்சுவதே கமக்காரன் கைக்கு வருகின்றது. சரக்குப் பெட்டிகளும் நிலையங்களிற் களஞ்சியங்களும் அவனுக்கு வேண்டும். நம் பிரதிநிதிகள் அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்திலேனும் இதனை வற்புறுத்துதல் கடன்.