இனாம் பேச்சும் இருபத்தெட்டு நாள் மாதமும்

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா கோயிலால் பேர் பெற்ற ஊர். இத்தாலியிலிருந்து வந்த அந்தத் துறவி சொந்த ஊருக்கு ஒரு கடிதம் போட்டால், பதில் வரப் பல மாதம் காத்திருக்க வேண்டிய காலம் அது. இன்றோ, இந்த வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன மகன், ராத்திரி வேலை முடிந்ததும் ஆத்தாவின் முகத்தைப் பார்த்தே பேசுகிறான். டெலிபோன் பில் இல்லை, நிமிடக் கணக்கு இல்லை. "இன்டர்நெட்டில் பேசு, இனாமாகப் பேசு" என்று கம்பெனிகள் தம்பட்டம் அடிக்கின்றன.

இனாமா? கணக்குப் பார்ப்போம்.

ஏலாக்குறிச்சியில் ஒரு விவசாயத் தொழிலாளி வீடு என்று வைத்துக்கொள்வோம். புருஷன், பெண்டாட்டி, கல்லூரிக்குப் போகும் பெண். ஆக மூன்று போன். 2024 ஜூலையில் ஜியோவும் ஏர்டெல்லும் கட்டணத்தை உயர்த்தியபோது, 28 நாளைக்கான ஒரு சாதாரணத் திட்டம் 299 ரூபாய் ஆயிற்று. மாதம் என்றால் 30 நாள், 31 நாள் என்று நாம் படித்தோம். கம்பெனியின் மாதமோ 28 நாள்! வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் அல்ல, பதின்மூன்று மாதம். ஒரு போனுக்கு 3,887 ரூபாய். மூன்றுக்கும் 11,661 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கூலிக்கு ஏறக்குறைய 35 நாள் மண் வெட்டினால்தான் இந்த 'இனாம் பேச்சு' கிடைக்கும்.

இந்தப் பதின்மூன்றாம் மாதத்தைப் பற்றி மக்கள் முணுமுணுத்த பிறகுதான், 2022 ஜனவரியில் டிராய் ஆணையம் விழித்துக்கொண்டு, 30 நாள் திட்டம் ஒன்றாவது கொடுங்கள் என்றது. ஒன்றே ஒன்று! 28 நாள் திட்டங்கள் ஒழியவில்லை.

சரி, குரலைக் கொண்டுபோக அவ்வளவு செலவா ஆகிறது? பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் கணக்கிலேயே சொல்கிறோம். ஒரு குரலை இலக்கமாக மாற்ற வினாடிக்கு 64 கிலோபிட் போதும். இருவர் ஒரு மணி நேரம் பேசினால், போக வரச் சேர்த்துச் சுமார் 60 மெகாபைட். இப்போதைய செயலிகள் குரலை இன்னும் சுருக்கி அனுப்புகின்றன. கம்பெனி நம் தலையில் கட்டுவது நாளைக்கு ஒன்றரை ஜி.பி. அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் அந்த ஒரு மணி நேரப் பேச்சு. பேச மட்டும் போன் வைத்திருக்கும் பாட்டியும் மீதி இருபத்து நான்கு பங்குக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது! 2024 டிசம்பரில் டிராய் கட்டளை போட்ட பிறகே, டேட்டா சேராத பேச்சுத் திட்டத்தை இவர்கள் விற்க முன்வந்தார்கள்.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு டெலிபோன், வீட்டுக்கு ஒரு பில். வந்த அழைப்புக்குக் காசு கிடையாது. இப்போது தலைக்கு ஒரு ரீசார்ஜ். 2018 முடிவில், குறைந்தது 35 ரூபாய்க்காவது ரீசார்ஜ் செய்யாவிட்டால் வரும் அழைப்பையும் நிறுத்துவோம் என்று மிரட்டித் தொடங்கினார்கள். மிச்சம் என்று சொல்லிக்கொண்டே வரி போட்டார்கள்.

இந்தக் கம்பெனிகளா இன்டர்நெட் பேச்சின் பிதாமகர்கள்? பழைய ஏட்டைப் புரட்டுவோம். வெளிநாட்டுப் பேச்சின் லாபம் குறையக் கூடாது என்று டில்லி சர்க்காரே முதலில் இன்டர்நெட் பேச்சைத் தடுத்து வைத்திருந்தது. 2002 ஏப்ரல் 1-ல்தான் அரைகுறையாகக் கதவைத் திறந்தது. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. வளைகுடாவுக்குப் போன மகனோடு எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பேசிய தாய்மாருக்கு அந்தத் தடையின் விலை தெரியும். பிறகு தனியார் முறை வந்தது. 2014 டிசம்பரில் ஏர்டெல் என்ன செய்தது? டேட்டாவுக்குக் காசு வாங்கிக்கொண்டு, அதே டேட்டாவில் ஸ்கைப்பிலும் வைபரிலும் பேசினால் தனிக் காசு என்று அறிவித்தது. நாடே கொதித்தது. சில நாளில் அறிவிப்பு வாபஸ்! அடுத்த ஆண்டு லட்சக் கணக்கான மக்கள் டிராய்க்கு எழுதினார்கள். 2016 பிப்ரவரியில், டேட்டாவுக்குப் பாரபட்சமாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆம், மக்கள் எழுதியதால் வந்தது!

துபாயைப் பாருங்கள். அங்கே வாட்ஸப் அழைப்பைத் தடுத்துவிட்டு, 2018-ல் அனுமதி பெற்ற செயலியில் பேச மாதம் 50 திர்ஹம் என்று விலை வைத்தார்கள். மகன் வியர்வை சிந்திய காசில், தாயின் குரலுக்கு ஒரு கப்பம்.

"போட்டி இருக்கிறதே, விலை தானே குறையும்" என்பார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் குறைந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் போட்டியில் யார் செத்தார்கள்? தமிழ்நாட்டில் வேரூன்றியிருந்த ஏர்செல் 2018-ல் திவால் மனுப் போட்டது. நம்பரைக் காப்பாற்றிக்கொள்ள ஜனங்கள் தவித்த தவிப்பை நாம் கண்டோம். வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. பெரிய தனியார் மூன்றே பேர் என்று ஆனதும் 2019, 2021, 2024 என்று மூன்று உயர்வு. எதிரியை ஒழிக்கும் வரை மலிவு, ஒழித்த பின் கொள்ளை. ஏகபோகத்தின் போட்டி இப்படித்தான் இருக்கும்.

நான்காமவன் ஒருவன் உண்டு, நம்முடையவன். பி.எஸ்.என்.எல். வீட்டுக்கு ஒரு கண்ணாடி இழைக் கம்பி வந்தால், அதே கம்பியில் வீட்டு டெலிபோனும் பேசும், வீட்டிலுள்ள எல்லோருடைய போனும் இன்டர்நெட்டில் பேசும். உண்மையான மிச்சம் அங்கேதான் இருக்கிறது. 2018-ல் இந்நிறுவனம் 'விங்ஸ்' என்று ஒரு சேவையை அறிவித்தது. வருஷத்துக்கு 1,099 ரூபாய். இன்டர்நெட் இருக்கும் இடத்திலிருந்து எந்த நம்பருக்கும் பேசலாம் என்றது. எத்தனை வீட்டுக்கு இது தெரியும்? தனியார் 2012-லேயே 4ஜி தொடங்கினார்கள். பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்த அலைக்கற்றை தர மந்திரிசபை முடிவெடுத்ததே 2019 அக்டோபரில். 2020-ல் போட்ட டெண்டர் அதே ஆண்டு ரத்து. அந்த ஜனவரியிலேயே 78,000-க்கு மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியே போனார்கள். நாடு தழுவிய 4ஜி தொடக்க விழா நடந்தது 2025 செப்டம்பர் 27-ல்! கையைக் கட்டிப்போட்டு ஓடச் சொல்லி, ஓடவில்லை என்று ஏசுகிறார்கள்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழைக் கம்பி என்பது பாரத்நெட் திட்டத்தின் வாக்குறுதி. ஊராட்சி ஆபீசில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்றால் நாம் ஒப்ப மாட்டோம். கம்பி குடியானவத் தெருவுக்கும் வர வேண்டும், காலனிக்கும் வர வேண்டும். கூலிக்காரன் கட்டக்கூடிய விலையில் வர வேண்டும். அறுந்தால் கட்ட ஒரு லைன்மேன் வேண்டும். அந்த வேலை நிரந்தர வேலையாக இருக்க வேண்டும்.

மே 1-ந் தேதி கிராம சபை கூடும். ஏலாக்குறிச்சியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊராட்சிக்குக் கம்பி வந்ததா? இன்று அதில் இன்டர்நெட் ஓடுகிறதா? எத்தனை வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தீர்கள்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.