பேண்டு பிராக்டிஸுக்கு வராத பிள்ளைக்கு மார்க்கைக் குறைக்கலாமா?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் டீ குடிக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது வெளியூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளி பேண்டு குழுவில் சைடு டிரம் வாசிக்கிறாள். திருச்சுழிப் பக்கம் கிராமத்தில் அப்பத்தா தவறிவிட்டதால் எல்லோரும் வந்து, காரியம் முடியும்வரை இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் நாலு பிராக்டிஸ் போய்விட்டது. திரும்பிப் போனதும், "இன்டர்னல் மார்க்கில் குறைப்போம்" என்று சொல்லிவிட்டார்களாம்.

"சார், நீங்களும் பேண்டுக்கு இன்சார்ஜா இருந்தவங்கதானே. நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?" என்று கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். நியாயமில்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அதே காரியத்தை நானும் ஒரு பையனுக்குச் செய்திருக்கிறேன். அதை முதலில் ஒத்துக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும்.

என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், நான் கணக்கு வாத்தியார். சங்கீதத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பி.டி. சாருக்கு விளையாட்டுப் போட்டி வேலையே தலைக்கு மேல் இருந்ததால், "சார், கணக்குத் தெரிஞ்சவர் தாளத்தையும் பார்த்துக்குவீங்க" என்று தலைமையாசிரியர் பேண்டு அறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். அறையில் நாலு சைடு டிரம், ஒரு பேஸ் டிரம், ஒரு ஜோடி சிம்பல், ஒரு டிரையாங்கிள், ஊதினால் பாதி காற்று வெளியே போகும் இரண்டு ப்யூகிள். அவ்வளவுதான் எங்கள் பேண்டு. பழைய பேண்டு பையன்கள் வந்து சொல்லிக்கொடுப்பார்கள். நான் நோட்டும் கையுமாக நிற்பேன்.

வருகை விஷயத்தில் நான் கெடுபிடியாக இருந்தது உண்மை. அதற்குக் காரணமும் இருந்தது. கணக்குப் பரீட்சைக்கு ஒரு பையன் வராவிட்டால் நஷ்டம் அவனுக்கு மட்டும்தான். பேஸ் டிரம் பையன் வராவிட்டால் பின்னால் நடக்கிற எல்லோருக்கும் நஷ்டம். இடது கால் தரையில் விழும்போது பேஸ் டிரம் விழ வேண்டும். நிமிஷத்துக்குச் சுமார் 120 அடி நடை. இதில் ஒருவன் தடுமாறினால் மொத்த வரிசையும் குதித்துக் குதித்துக் காலை மாற்றும். ஆகஸ்ட் 15 அன்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அது நடந்தால் பிள்ளைகளுக்குத்தான் அவமானம். அதனால் லாங் சைஸ் நோட்டில் கட்டம் போட்டு, வராதவனுக்குச் சிவப்பு மையில் சுழித்து வைப்பேன்.

2017-18-ல் ஒரு மாற்றம் வந்தது. மேல்நிலைப் பாடங்கள் 200 மார்க்கிலிருந்து 100 ஆயின. அந்த நூறிலே 10 மார்க் அகமதிப்பீடு. நிறையப் பெற்றோருக்கு இந்தப் பத்து எப்படி வருகிறது என்று இன்றும் தெரியாது. வகுப்பு வருகைக்கு 2. அதுவும் 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் 2, 75-லிருந்து 80 வரை வந்தால் 1. பள்ளியில் வைக்கும் தேர்வுகளுக்கு 4. ஒப்படைவு, செயல்திட்டம் மாதிரியானவற்றுக்கு 2. கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போடுவதுதான் வழக்கமாயிற்று. வெயிலில் நின்று டிரம் அடித்த பிள்ளைக்கும் 2, எதிலும் சேராத பிள்ளைக்கும் 2. அப்படி எல்லோருக்கும் கொடுக்கிற ஒன்றைப் பரிசாகச் சொல்ல முடியாது. மிரட்டத்தான் உதவும். நானும் மிரட்டினேன். "பிராக்டிஸுக்கு வரலைன்னா அந்த ரெண்டுல கை வைப்பேன்" என்பது என் வாய்ப்பாடாகவே போயிற்று.

2019 தை மாதம். குடியரசு தினம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. என் சைடு டிரம் பையன் ஒருவன் பிளஸ் ஒன். நான் பார்த்ததிலேயே அவன் கைதான் சுத்தமான கை. குச்சி தோலில் விழுவது தெரியாது, சத்தம் மட்டும் வரும். அந்தப் பையன் ஏழு பிராக்டிஸுக்கு வரவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். நானும் காரணம் தோண்டவில்லை. ஜனவரி 26 அணிவகுப்பிலிருந்து பெயரை அடித்தேன். சொன்ன சொல் தவறக்கூடாது என்று, இணைச் செயல்பாட்டில் 2-க்கு 1 போட்டேன்.

அதே தை மாதக் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணம். முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு. முன்னால் பேண்டு செட் வருகிறது. சிவப்புச் சட்டை, தோளில் பொன் கலர் குஞ்சம். அந்த வரிசையில் இவன். பக்கத்தில் டிரம்பெட் ஊதிக்கொண்டு அவன் அப்பா. என்னைப் பார்த்ததும் வாசிப்பை நிறுத்திவிட்டுக் குச்சி இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். திருடிப் பிடிபட்ட பிள்ளை மாதிரி.

பந்தி முடிந்து வெளியே வந்தபோது அப்பாதான் வந்து பேசினார். "சார், கோவிச்சுக்கிறாதீக. தையும் மாசியும்தான் எங்களுக்குச் சீசன். ஆள் கூலி குடுத்துக் கட்டுப்படி ஆகல. அதான் இவனக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன். மழையும் இல்ல, காட்டுலயும் ஒண்ணும் இல்ல."

நான் என்ன சொல்ல? என் நோட்டில் ஆப்சென்ட் ஆன ஏழு நாளும் அந்தப் பையன் ராத்திரி மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் டிரம் வாசித்திருக்கிறான். எங்கள் பேண்டில் எவனும் செய்யாத பிராக்டிஸ் அது. பள்ளி மைதானத்தில் வெள்ளை பேன்ட் போட்டு அடித்தால் மரியாதை, சல்யூட். தெருவில் கூலிக்கு அடித்தால் அதே கைக்கு ஆப்சென்ட், ஒரு மார்க் கட். ஊர் பார்க்கிற பார்வையைத்தான் நானும் பார்த்திருக்கிறேன். வாத்தியாராக இருந்து என்ன பிரயோஜனம்?

அந்த ஒரு மார்க்கால் அவன் வாழ்க்கை கெட்டுவிடவில்லை, பாஸ் ஆகிவிட்டான். ஆனால் அதற்குப் பிறகு பேண்டு அறைப் பக்கம் அவன் வரவேயில்லை. பிளஸ் டூவில் நானே கூப்பிட்டேன். "வேண்டாம் சார்" என்றான்.

இதை வைத்து யோசித்து, நான் வந்து சேர்ந்த முடிவைச் சொல்கிறேன்.

முதலில், பேண்டுக்கு வருகை கட்டாயம் வேண்டும். இதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. "பிள்ளைக்கு இஷ்டமானபோது வரட்டும்" என்று சொல்லும் பெற்றோர் பேண்டில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. தினமும் வந்து நிற்கிற மற்றப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் மரியாதை அது.

ஆனால் வராததற்கு மார்க் தண்டனை கூடாது. வகுப்புக்கு வராத நாளுக்கு வருகை மார்க் என்று தனியாக 2 இருக்கிறது. துக்கத்துக்குப் போன பிள்ளைக்கு அங்கேயே சதவீதம் குறைகிறது. பேண்டு பெயரில் இன்னொரு தடவை குறைத்தால், ஒரே இழவுக்கு இரண்டு அபராதம் ஆகாதா? மார்க் என்பது பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். வந்தானா வரவில்லையா என்பது வேறு கணக்கு. இரண்டையும் கூட்டிப் போட்டால் விடையில் இரண்டுமே தெரியாது.

அமெரிக்காவில் இருக்கிற நம் சொந்தக்காரர்கள், "எங்க ஊர்ல பேண்டுக்குக் கிரேடு உண்டு, நிகழ்ச்சிக்கு வரலைன்னா கிரேடு குறையும்" என்பார்கள். உண்மைதான். அங்கே நிறைய உயர்நிலைப் பள்ளிகளில் பேண்டு என்பது கணக்கு, சயின்ஸ் மாதிரி டைம் டேபிளில் உள்ள ஒரு பாடம். அதற்கென்று படித்த ஆசிரியர் இருப்பார், பீரியடு இருக்கும். சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிரேடு போடுகிறார்கள். நம் பக்கத்தில் பீரியடும் கிடையாது, ஆளும் கிடையாது. கடைசி மணி அடித்த பிறகு பிராக்டிஸ். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்த டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் இருட்டின பிறகுதான். பெண்பிள்ளையைப் பெற்றவர்கள் எப்படிச் சம்மதிப்பார்கள்? பீரியடு கொடுக்காமல் மார்க்கை மட்டும் பிடுங்குவது, விதைக்காமல் அறுக்கப் போவது மாதிரி.

நம் கரிசக்காட்டில் பிள்ளைகள் வராமல் போவதற்குக் காரணங்களும் வேறு. நெசவாளர் வீட்டில் பாவு போடுகிற அன்றைக்கு விடிகாலையில் எல்லாக் கையும் வேண்டும். மிளகாய்ப் பழம் எடுக்கிற நாளில் வீட்டில் ஆள் இருக்காது, சின்னதுகளை மூத்த பிள்ளைதான் பார்க்க வேண்டும். தண்ணீர் வருகிற நேரத்துக்குக் குடம் வைத்து நிற்க வேண்டும். இதையெல்லாம் சோம்பேறித்தனம் என்று ஒரே சிவப்பு மையில் சுழிக்கலாமா? நம் திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணர்கூட, 1896-ல் மதுரையில் படித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் திருவண்ணாமலை போனவர்தான். அவர் வாத்தியாரும் அன்றைக்கு ஆப்சென்ட்தான் போட்டிருப்பார். அதற்காக எல்லாரும் கிளம்பிவிட வேண்டாம்! பதிவேட்டுக்குக் காரணம் தெரியாது, வாத்தியார்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"அப்படியானால் தினமும் தவறாமல் வந்த பிள்ளைக்கு என்ன நியாயம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்வி. என் பேண்டில் ஒரு பெண் இருந்தாள். சிம்பல் வாசிப்பாள். கிராமத்திலிருந்து வந்து ஒரு நாள் தவறியதில்லை. அவளுக்கும் நான் 2 தான் போட்டேன், அதற்கு மேல் போட இடமில்லை. மார்க்கால் அவளுக்கும் நான் நியாயம் செய்யவில்லை. அவளை முன்வரிசையில் நிறுத்தியிருக்க வேண்டும். சான்றிதழில் "இரண்டு ஆண்டு பேண்டு குழுவில் ஒரு நாளும் தவறவில்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிற இடத்தில் அந்த ஒரு வரி பேசும்.

இன்றைக்கு அந்தச் சாவி என் கையில் இருந்தால் இப்படித்தான் நடத்துவேன். பிராக்டிஸ் வாரத்துக்கு இரண்டு நாள், கடைசிப் பீரியடில். விழாவுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் தினமும், அதுவும் பஸ்ஸுக்கு முன்னால் முடிந்துவிடும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இரண்டு பிள்ளைகள், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் அது ஆப்சென்ட் இல்லை. சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் அந்த ஒரு விழாவுக்கு மட்டும் வரிசையில் இடம் கிடையாது. அடுத்த விழாவுக்கு மறுபடி வரலாம். மார்க்கைத் தொட மாட்டேன். கல்யாண பேண்டில் வாசிக்கிற பிள்ளை இருந்தால் அதையும் பிராக்டிஸாக எழுதிக்கொள்வேன். அவன் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, "எங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்க" என்று கேட்பேன்.

என் மாணவிக்கு இப்படிச் சொன்னேன்: "பள்ளிக்கூடத்துல போய்ச் சண்டை போடாதம்மா. அந்த டீச்சருக்கும் மேலிடத்து நெருக்கடி இருக்கும். இப்படி இப்படித் துக்கம்னு எழுதிக் குடு. மார்க்கைக் கேக்காத. விட்ட நாலு பிராக்டிஸ எப்பப் பிடிக்கலாம்னு பிள்ளைய விட்டே கேக்கச் சொல்லு." மறுநாள் போய்ப் பேசியிருக்கிறாள். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லது நடக்கும் என்று நம்புகிறேன்.

அந்தப் பையனைப் போன வருஷம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மில் வேலைக்குப் போகிறான். முகூர்த்த நாளில் பேண்டு செட்டுக்கும் போகிறானாம். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். நான்தான் பேச்சை எடுத்தேன். "அன்னைக்கு ஒனக்கு ஒரு மார்க்கக் குறைச்சேன்ப்பா. அது என் தப்பு" என்றேன். அவன் சிரித்தான். "அத விடுங்க சார். அந்த மூணாவது சைடு டிரம்முக்கு அடிக்கம்பி தளர்ந்து கிடந்துச்சே, மாத்திட்டாங்களா சார்?" என்று கேட்டான்.

மாற்றினார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் இருபது பேராவது இன்றைக்கு ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். பேண்டு, கபடி, என்.எஸ்.எஸ். எதுவாக இருந்தாலும், வராத பிள்ளையின் கட்டத்தில் சிவப்பு மை வைப்பதற்கு முன்னால், "ஏம்ப்பா வரல?" என்று தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அது ஒன்றுதான்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்