ஜிபிஎஸ் காட்டும் நேரம் கரெக்ட்டா? 13 மைக்ரோ விநாடி கற்றுத்தந்த பாடம்!

ஜிபிஎஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மேப்தான். ஆனால் செல்போன் டவர், மின் கட்டமைப்பு, ரேடியோ ஒலிபரப்பு எல்லாம் அதை நம்பியிருப்பது மணி பார்க்க! அந்த நேரமே தப்பாகிப் போனா?

என்ன நடந்தது?

2016 ஜனவரி 26. 1990-ல் ஏவப்பட்ட எஸ்விஎன் 23 என்ற பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோளை அமெரிக்க விமானப்படை சேவையிலிருந்து விலக்கியது. அப்போது தரைக்கட்டுப்பாட்டு மென்பொருளில் ஏற்பட்ட கோளாறால், ஜிபிஎஸ் நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்ற உதவும் தகவல் 13 மைக்ரோ விநாடி தவறாகப் போனது. பல செயற்கைக்கோள்கள் அதை அப்படியே அனுப்பின.

மேப் வழக்கம்போல வேலை செய்ததால் மக்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் பிரிட்டனில் பிபிசியின் டிஜிட்டல் ரேடியோ சேவை தடைபட்டது.

இது பெரிய விஷயமா?

கண் இமைக்கும் நேரத்தில் 7,000-ல் ஒரு பங்குகூட இல்லைதான். ஆனால் 5ஜி நெட்வொர்க்கில் ஒரே அலைவரிசையில் மாறி மாறி சிக்னல் அனுப்பிப் பெறும் டவர்களுக்கு, நேரம் சுமார் 1.5 மைக்ரோ விநாடிக்குமேல் விலகக்கூடாது. விலகினால் ஒரு டவரின் சிக்னல் இன்னொன்றைக் கெடுக்கும்.

எப்படி சோதிக்கிறார்கள்?

ரிசீவர் விநாடிக்கு ஒரு பல்ஸ் தரும். அதை சீசியம் அல்லது ருபீடியம் அணுக் கடிகாரத்தின் பல்ஸோடு ஒப்பிட்டு, இடைவெளியை நானோ விநாடிக் கணக்கில் அளப்பார்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது. அயனி மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்தும் அளவு பகலுக்கும் இரவுக்கும் மாறும் என்பதால், நாள்கணக்கில் பதிவு செய்ய வேண்டும்.

ஆன்டெனா கேபிளையும் விடக்கூடாது. 30 மீட்டர் கேபிளைக் கடக்கவே சிக்னலுக்கு 120 முதல் 150 நானோ விநாடி ஆகும். அதைக் கழிக்காவிட்டால் கணக்கு தப்பு.

இரண்டு ஜிபிஎஸ் ரிசீவர்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் போதாதா? போதாது. வானிலிருந்து வரும் தகவலே தவறாக இருந்தால், இரண்டும் ஒரே தப்பைச் சொல்லும். பார்க்க எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

இன்னொரு சோதனையும் முக்கியம். சிமுலேட்டர் மூலம் வேண்டுமென்றே தவறான தகவலைக் கொடுத்து, ரிசீவர் அதை ஏற்கிறதா, ஒதுக்குகிறதா என்று பார்ப்பது. 2016-ல் எல்லா ரிசீவர்களும் ஏமாறவில்லை. வந்த தகவலைச் சரிபார்த்து ஒதுக்கியவை தப்பித்தன.

மொத்தத்தில், ஜிபிஎஸ் நேரம் சரியா என்று பார்க்க, ஜிபிஎஸ்ஸை நம்பாத ஒரு கடிகாரம் வேணும். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களை வைத்து இந்திய நேரத்தைப் பராமரிப்பதன் அருமை இங்கேதான் புரிகிறது.